ஜெயித்த கையால் போர்த்த வேண்டிய கொடி

வாக்கு எண்ணிக்கை நாளன்று தொண்டர்கள் யாரும் சாகக் கூடாது என்று சாவிக் கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் கோவிந்தசாமி கண்டிப்பாக ஒரு நாள் தள்ளிப் போட்டிருப்பார். கட்சி சொன்னதை அவர் மீறியதே கிடையாது. எழுதாமல் விட்டது கட்சியின் தப்பு. அவர் அன்றைக்கு விடியற்காலையில், செஞ்சியை ஒட்டிய காலனியில், தம் வீட்டுக் கட்டிலில், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்.

சாவிக் கட்சி இருபத்தைந்து வருஷமாக ஆண்டுகொண்டிருந்தது. அதற்கு மூச்சு முட்டுகிற நீளத்தில் ஒரு பெயர் உண்டு. சின்னம் சாவி என்பதால் எங்களுக்குச் சாவிக் கட்சி. எதிரணி, குடைக் கட்சி. இந்த இருபத்தைந்து வருஷமும் கோவிந்தசாமிதான் காலனியில் சாவிக் கட்சியின் கிளைச் செயலாளர். கிளைச் செயலாளர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மேடைக்குக் குழி தோண்டுகிறவர். மேடை போட்டு முடித்ததும் கீழே நிற்கிறவர்.

அவர் கட்சியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தான் செத்தால் மேலே கட்சிக்கொடியைப் போர்த்தி, அந்தக் கொடியோடு மண்ணுக்குள் வைக்க வேண்டும். நகரச் செயலாளர் ஹரிகிருஷ்ணன் இதை மேடையிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். ஹரிகிருஷ்ணன் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். "கோவிந்தசாமி அண்ணனுக்குக் கொடி போத்துறது என் பொறுப்பு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் கைதட்டல் விழும். நீ செத்தால் உனக்கு மரியாதை உண்டு என்று ஒரு மனுஷன் முகத்துக்கு நேரே சொல்வதைக் கேட்டு, அந்த மனுஷனும் சேர்ந்து கைதட்டுகிற கட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மகன் எழிலன் அவலூர்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவன் யாருக்கு ஓட்டுப் போட்டான் என்பது ரகசியம். சாவிக்குப் போடவில்லை என்பது மட்டும் ஊருக்கே தெரியும். அதனால் வீட்டில் சோற்றுத் தட்டுகள் அவ்வப்போது பறந்ததும் உண்டு. ஆனாலும் போன வாரம் ஆஸ்பத்திரியில் கோவிந்தசாமி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கொடி இல்லாம என்னத் தூக்கிடாதடா" என்றபோது, "சரி நைனா" என்று சொல்லிவிட்டான். சாகப் போகிறவரிடம் கொள்கை விளக்கமா பேச முடியும்?

கிளைச் செயலாளர் வீட்டில் ஒரு கொடி கூடவா இருக்காது என்று கேட்பீர்கள். இருந்தது. தேர்தல் நடத்தை விதி வந்ததும் கம்பத்துக் கொடிகளை எல்லாம் இறக்கச் சொல்லிவிட்டார்கள். கோவிந்தசாமி காலனியிலிருந்த அத்தனை கொடிகளையும் இறக்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, வெற்றி ஊர்வலத்துக்கு ஆகும் என்று ஹரிகிருஷ்ணனிடம் ஒப்படைத்துவிட்டார். தனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது கட்சி சொத்தைத் திருடுவது போல என்பது அவர் கருத்து. அந்தக் கருத்து கட்சியில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

எழிலன் போன் செய்த கொஞ்ச நேரத்தில் ஹரிகிருஷ்ணன் வந்துவிட்டார். அதைக் குறை சொல்லக் கூடாது. பின்னாலேயே குட்டியானை வண்டியில் குளிர்பெட்டி வந்தது. கட்சிக்காரர்கள் செத்தால் இலவசமாக வரும் அந்தப் பெட்டி சட்டமன்ற உறுப்பினரின் அன்பளிப்பு. மூன்று பக்கமும் அவர் கும்பிட்டபடி சிரிக்கும் படம். நாலாவது பக்கம் மோட்டார் இருந்ததால் ஒட்ட முடியவில்லை போலிருக்கிறது. கோவிந்தசாமியை உள்ளே வைத்து மூடியதும், அழ வந்த பெண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்துத்தான் அழ வேண்டியிருந்தது. கோவிந்தசாமியின் மனைவி பவுனம்மாள் மட்டும் மோட்டார் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எழிலன் கொடியைக் கேட்டான். ஹரிகிருஷ்ணனின் காரில், பின்சீட்டில் அது இருந்தது. கோவிந்தசாமி போட்ட இஸ்திரி மடிப்பே இன்னும் கலையவில்லை. ஹரிகிருஷ்ணன் அதை எடுக்கவில்லை.

"கொடி இருக்குது வாத்தியாரே. ஆனா நான் போத்தக் கூடாது. எம்.எல்.ஏ. அண்ணன் மதியத்துக்குள்ள ஜெயிச்சுட்டு நேரா இங்கதான் வர்றாரு. ஜெயிச்ச கையால போத்துனாத்தான் நைனாவுக்கு மரியாதை."

மே மாத வெயில், காலையிலேயே எடுத்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் நினைத்திருந்தார்கள். எழிலன் தயங்கித் தயங்கி, ஒருவேளை தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். அங்கிருந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் திரும்பி அவனைப் பார்த்தன. சாவு வீட்டில் பேசக் கூடாத வார்த்தையைப் பேசிவிட்டான் என்று ஒரு பெரியவர் அவனைத் தனியே கூட்டிப்போய்க் கண்டித்தார்.

எட்டு மணிக்குப் பேனர் வந்தது. கட்சியில் சிக்கனம் அதிகம். வெற்றிக்குத் தனி, சாவுக்குத் தனி என்று எதற்கு இரண்டு பேனர் என்று ஒன்றாகவே அடிக்கச் சொல்லியிருந்தார்கள். இடது பக்கம் கோவிந்தசாமி, வலது பக்கம் சட்டமன்ற உறுப்பினர். அவசரத்தில் கடைக்காரப் பையன் வாசகங்களை இடம் மாற்றிவிட்டான். கோவிந்தசாமி படத்துக்குக் கீழே, 'மகத்தான வெற்றி பெற்று, நன்றி சொல்ல உங்கள் இல்லம் தேடி வருகிறார்' என்று இருந்தது. சட்டமன்ற உறுப்பினருக்குக் கீழே, 'எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு மறைந்த' என்று இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். கட்சி அடித்த பேனரில் தப்பு இருக்கிறது என்று சொல்லும் அதிகாரம் மாவட்டத்துக்குக் கீழே யாருக்கும் கிடையாது. அதனால் கட்டிவிட்டார்கள். பாதி வாசகம் மதியத்துக்குள் சரியாகிவிட்டது.

முதல் சுற்றில் சாவி கொஞ்சம் பின்தங்கியது. தபால் ஓட்டு எல்லாம் வாத்தியார்களின் ஓட்டு, அப்படித்தான் இருக்கும் என்று ஹரிகிருஷ்ணன் எழிலனைப் பார்த்தபடி சொன்னார். இரண்டாவது சுற்று, குடைக்காரர்களின் சொந்த ஊர்கள். மூன்றாவது சுற்று வந்தபோது, நம்முடைய ஊர்களை இன்னும் எண்ணவே இல்லை என்றார். நாலாவது சுற்றில் எங்கள் காலனியையே எண்ணிவிட்டார்கள். கோவிந்தசாமி படுத்திருக்கும் அதே காலனியில் குடைதான் முன்னணி. குளிர்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோவிந்தசாமியைப் பார்த்தார்கள்.

சுற்று ஏற ஏற வெள்ளைச் சட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனார். இன்னொருவர் அவரைக் கூப்பிட்டு வரப் போனார். மிச்சமிருப்பவர்களையாவது பிடித்து வைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஹரிகிருஷ்ணன் எழுந்து நின்று இரங்கல் உரை ஆற்றத் தொடங்கினார்.

"கோவிந்தசாமி அண்ணன் மாதிரி ஒரு தொண்டன் எந்தக் கட்சிக்கும் கிடைக்காது. இருபத்தஞ்சு வருஷம் எதையுமே கேட்டதில்ல. தொகுப்பு வீடு வந்துச்சு, கேக்கல. மூத்த பொண்ணுக்கு அங்கன்வாடி வேலை காலி இருந்துச்சு, கேக்கல. அவரு கேக்காதத நாமளா கொடுத்து அவரு மனசப் புண்படுத்தக் கூடாதுன்னு கட்சியும் கடைசி வரைக்கும் கவனமா இருந்துச்சு. தலைமைக்கும் தொண்டனுக்கும் அப்படி ஒரு புரிதல்."

யாரோ பழக்கத்தில் கைதட்டிவிட்டார்கள். பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "அங்கன்வாடிக்கு அவரு மூணு தடவ உன் கடைக்கு வந்தாரே" என்றாள். ஹரிகிருஷ்ணனுக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்துவிட்டது. அழைப்பு மணி ஒன்றும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நடுப்பகலில் முடிவு தெரிந்துவிட்டது. எங்கள் தொகுதி மட்டுமல்ல, மாநிலமே போய்விட்டது. தொலைக்காட்சியில் ஒரு பெரிய மனுஷர், மக்கள் எங்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சட்டமன்ற உறுப்பினர் ரத்த அழுத்தம் கூடி மருத்துவமனையில் படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஜெயித்த கை என்று ஒன்று அந்தப் பக்கம் இல்லாமலே போயிற்று.

குளிர்பெட்டியை எடுத்துப்போக அதே குட்டியானை வந்தது. கட்சி சொத்துகளை உடனே ஓர் இடத்தில் சேர்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம், இல்லாவிட்டால் புது ஆட்கள் கைப்பற்றிவிடுவார்களாம். எழிலன் கெஞ்சிப் பார்த்தான். வண்டிக்காரர் நல்ல மனுஷர். வருத்தத்தோடு பிளக்கைப் பிடுங்கினார். கோவிந்தசாமியைத் திரும்பவும் கட்டிலுக்கு மாற்றி, மீன்கடையிலிருந்து ஐஸ் பாளம் வாங்கி வந்து அடியில் வைத்தார்கள். இருபத்தைந்து வருஷத்தில் கட்சி அவருக்குக் கொடுத்தது அரைநாள் குளிர்ச்சி, அதையும் திரும்ப வாங்கிக்கொண்டது.

எழிலன் ஓடிப்போய், கிளம்பிக்கொண்டிருந்த ஹரிகிருஷ்ணனின் காரை மறித்தான். அண்ணன் வர வேண்டாம், கொடியை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள், நானே போர்த்திவிடுகிறேன் என்றான். ஹரிகிருஷ்ணன் கண்ணாடியை முழுசாக இறக்கவில்லை. காரின் முன்னால் இருந்த கொடிக்கம்பி மொட்டையாக இருந்தது. அவர் தோளில் காலையில் இருந்த கட்சியின் ஊதாக் கரைத் துண்டும் இல்லை, வெறும் வெள்ளைத் துண்டு.

"இந்த நேரத்துல அந்தக் கொடியப் போத்துனா சட்டம் ஒழுங்கு பிரச்சனை ஆயிடும் தம்பி. நைனா நிம்மதியாப் போவணும்ல? யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எழிலன் வண்டியை எடுத்துக்கொண்டு செஞ்சிக்குப் போனான். ஒரு கொடி, அவ்வளவுதானே, இருபத்தைந்து வருஷம் ஆண்ட கட்சியின் கொடி ஒன்று ஊருக்குள் கிடைக்காமலா போய்விடும் என்று நினைத்தான். பாவம், கணக்கு வாத்தியார். சாவிக் கட்சி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கொடி விற்கிற கடையில் பச்சையும் மஞ்சளுமாகக் குடைக்கொடிகள் தொங்கின. சாவிக்கொடி இருக்கிறதா என்று கேட்டதும் கடைக்காரர் எட்டிப் பார்த்து, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று கவனித்துவிட்டு, அப்படி ஒரு கொடியை நாங்கள் விற்றதே இல்லையே என்றார். கட்சியின் ஆட்டோ சங்கத்தில் கேட்டான். வண்டிகளில் ஒட்டியிருந்த சாவிகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது எப்போதுமே பொதுச் சங்கம்தான் வாத்தியாரே என்றார் தலைவர், துடைத்துக்கொண்டே. எங்கள் ஊர்க் கோட்டையில் ஒரு கொடியை இறக்க டெல்லியிலிருந்து வந்த மொகலாயப் பட்டாளத்துக்கே வருஷக்கணக்கில் ஆயிற்றாம். இவர்களுக்கு ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் போதுமானதாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் குடைக் கட்சியின் கொண்டாட்டம். வெடிச்சத்தம், மேளம், ஆள் ஆளுக்கு லட்டு. நடுவில் ஒரு கொடியை ரோட்டில் விரித்துப் போட்டு, பெட்ரோல் பாட்டிலோடு நின்றார்கள். ஊதாவும் வெள்ளையும், நடுவில் சாவி. எழிலன் இஸ்திரி மடிப்பைப் பார்த்தான். அவன் நைனா போட்ட மடிப்பு. பக்கத்தில் ஹரிகிருஷ்ணனின் கார் நின்றது. முன்கம்பியில் புத்தம்புதுக் குடைக்கொடி. கொளுத்துவதற்குக் கொடி இல்லாமல் புது ஆளுங்கட்சி தவித்தபோது, நல்லெண்ண அடையாளமாக அவர்தான் கொடுத்து உதவியிருக்கிறார்.

குடைக் கட்சியின் ஒன்றியச் செயலாளர் விநாயகம், எழிலனை அடையாளம் கண்டு மேடைக்குக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. சாவு வீட்டுச் செய்தி கேட்டு ஒருவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"கவலைய விடு வாத்தியாரே. நம்ம கொடியப் போத்திடலாம். ஆட்சிக்கு வந்ததும் நாங்க செய்யிற மொத மரியாதை உங்க நைனாவுக்குத்தான். கடைசி நேரத்துல மனசு மாறி நம்ம பக்கம் வந்துட்டாருன்னு அறிவிச்சிடறேன். மறுப்பு அறிக்கையும் வராது பாரு."

எழிலன், அந்தக் கொடிதான் வேண்டும் என்று ரோட்டில் கிடந்ததைக் கையால் காட்டினான். விநாயகம் சிரித்தார். அது கொளுத்துவதற்கு வைத்திருப்பது, நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது என்றார்.

மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் இளையபெருமாள் உட்கார்ந்திருந்தார். கோவிந்தசாமி காலனியில் சாவிக் கட்சிக்கு எப்படியோ, அப்படி இவர் குடைக் கட்சிக்கு. தோற்ற தேர்தல் அத்தனையிலும் குழி தோண்டியவர். பவுனம்மாளுக்குப் பெரியப்பா மகன், கூடப் பிறந்த அண்ணன் போல வளர்ந்தவர். ஒரு தேர்தல் சண்டையில் கோவிந்தசாமி கொடிக்கம்பாலேயே அவர் மண்டையைப் பிளந்துவிட, அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. பவுனம்மாள் பிறந்த வீட்டு வாசலை மிதித்துப் பல வருஷம். தாலி அறுக்கும் பெண்ணுக்கும் அவள் புருஷனுக்கும் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. அன்று காலையிலிருந்து வரவில்லை.

அவர் மெல்ல எழுந்தார். மேடையில் போர்த்திய சால்வையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்து, பெட்ரோல் பாட்டிலை வைத்திருந்தவனைத் தள்ளி நிற்கச் சொல்லி, குனிந்து கொடியை எடுத்துத் தூசி தட்டி, நாலாக மடித்தார். விநாயகம் மைக்கிலேயே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

இளையபெருமாள் தலையைத் தடவிக் காட்டினார். "இந்தத் தையல் அவன் கொடிக்கம்பால வாங்குனது. இந்தக் கொடிய எதுத்துத்தான் என் ஆயுசே போச்சு. அவனக் கொடியில்லாமப் பொதச்சீங்கன்னா, நான் இத்தினி வருஷமா யார எதுத்தேன்?"

எழிலனின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். நேரலை எல்லாவற்றையும் ஒளிபரப்பியது.

காலனிக்கு அவர் வந்து இறங்கியதும் பவுனம்மாள் எழுந்து போய் அவர் மார்பில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அவர் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு கொடியைப் பிரித்து, கழுத்திலிருந்து கால் வரை இழுத்துப் போர்த்தினார். கழுத்தில் குடைக் கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு சாவிக்கொடியைப் போர்த்தியதில் அவருக்கு ஒரு குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. பிறந்த வீட்டுத் துணி வந்துவிட்டது என்று பெண்கள் குலவை போடாத குறைதான். பொழுது சாய்வதற்குள் கோவிந்தசாமியை அந்தக் கொடியோடு மண்ணுக்குள் வைத்தார்கள். சாவிக் கட்சியிலிருந்து ஒரு மனுஷர்கூட வரவில்லை. எழிலன் குழி மேட்டில் நின்று வாய்விட்டு அழுதான், காலையிலிருந்து அப்போதுதான் அவனுக்கு நேரம் கிடைத்தது.

புது அரசு பதவி ஏற்றது. நல்லாட்சி மலர்ந்தது என்று சுவரெல்லாம் எழுதினார்கள். எங்கள் ஒன்றியத்தில் குடைக் கட்சி எடுத்த முதல் நடவடிக்கை, இளையபெருமாளை அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியது. கட்சியின் கொள்கைக்கும் குறிக்கோளுக்கும் முரணாக எதிரிக் கொடியைக் கையால் தொட்டு, மடித்து, மரியாதை செய்ததாகக் குற்றச்சாட்டு. இயற்கை நீதி தவறக் கூடாது என்பதால் நீக்கிய பிறகு விசாரணையும் வைத்தார்கள். விசாரணை அதிகாரி, அண்மையில் தம்மைத் தாய்க்கட்சியில் இணைத்துக்கொண்ட புதிய நகரப் பொறுப்பாளர் ஹரிகிருஷ்ணன்.

அவர் பச்சைக் கரை வேட்டியில் உட்கார்ந்து, குரல் தழுதழுக்கக் கேட்டாராம். "இத்தினி வருஷம் இருந்த கட்சிக்குத் துரோகம் பண்ண உங்களுக்கு எப்படி அண்ணே மனசு வந்துச்சு? நாங்கல்லாம் இந்தக் கட்சிய உயிரா நெனைக்கிறோம்." இளையபெருமாள் தோள் துண்டை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

கருமாதிக்கு அவர் வந்திருந்தார். வெறும் தோளோடு அவரைப் பார்க்க யாருக்கும் பழக்கமில்லை. பந்தியில் எழிலன் சோறு வைத்தபோது, அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"டேய் மாப்ள. உங்க நைனாவுக்குக் கொடி தேடி அலைஞ்ச. நாளைக்கு நான் செத்தா எனக்கு இன்னாத்தடா போத்துவ?"

எழிலன் அம்மாவைப் பார்த்தான். பவுனம்மாள் குழம்பு வாளியோடு வந்து கொண்டிருந்தாள்.

"வேட்டியப் போத்துவோம். அந்த மனுஷனுக்கும் அதுவே போதும்னு நான் எப்பவோ சொன்னேன். என் பேச்ச எந்தக் கட்சி கேட்டுச்சு? சாப்புடுண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.